ஏ டூ வாங்கிய வேட்டுவன் கோயில்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் செய்தி போடுவதைத் தடுக்க ஒரு சட்டம் வரவேண்டும். துட்டிச் செய்திக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் கூடவே கூடாது. ‘அன்பான பெற்றோர்களே’ என்று ஆரம்பித்து, நடுவில் ரெண்டு ரோஜாப்பூ வைத்து, ‘நாளை தவறாமல் கொண்டு வரவும்’ என்று முடியுமே, அதைத்தான் சொல்கிறேன். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தது இது: இரண்டாம் பருவச் செயல்பாடு, தலைப்பு, நம் ஊரின் சிறப்பு, மாதிரி செய்து கொண்டு வரவும், குழந்தைகளே செய்ய வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வீட்டில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் எழுந்து தெர்மாகோல் தேடக் கிளம்பினோம். செய்ய வேண்டிய குழந்தை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, எப்போதோ தூங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எழுப்பினால் வேலை கெடும்.

2012இல் முப்பருவ முறை வந்தபோது, புத்தகத்தை மூன்றாகப் பிரித்துப் போட்டால் பிள்ளையின் முதுகு தப்பும் என்றார்கள். தப்பியது, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே வளரறி மதிப்பீடு என்று ஒன்றும் வந்தது. நூறு மார்க்கில் 60 பருவத் தேர்வுக்கு, 40 பருவம் முழுக்க நடக்கும் சின்னச் சின்ன வேலைகளுக்கு. அந்த நாற்பதிலும் சிறு தேர்வுகளுக்கு 20 போக, பாக்கி 20 செயல்பாட்டுக்கு. மனப்பாடம் பண்ணிக் கக்குவதை மட்டும் வைத்துப் பிள்ளையை எடைபோடக் கூடாது, அது கையால் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று யாரோ நல்ல மனுசர் யோசித்திருக்கிறார். அவருக்குப் பேரன் பேத்தி இருக்காது என்று நினைக்கிறேன். அந்த 20 மார்க்கை இப்போது அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர் ஆகிய ஐவரும் சேர்ந்து வாங்குகிறோம். இது மிஸ்ஸுக்குத் தெரியும், கரஸ்பாண்டென்ட்டுக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

முதல் பருவத்தில் பத்து வகைத் தானியம் சேகரித்துச் சார்ட்டில் ஒட்டிக் கேட்டார்கள். எங்கே போய்ச் சேகரித்தோம்? ஃபேன்சி ஸ்டோரில். பத்துப் பிளாஸ்டிக் உறையில் பத்துத் தானியம், பேரெழுதின சீட்டோடு. ஊரைத் தாண்டினால் நாலு பக்கமும் கரிசல். ஐப்பசி மழைக்கு உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் முளைக்கிற பூமி. ஆனால் பள்ளிக்கூடம் தானியம் கேட்பது ஆடியில். அப்போது காட்டில் புழுதிதான் இருக்கும். போகட்டும். குதிரைவாலி என்று எழுதியிருந்த உறையில் சாமை இருந்தது. சொன்னேன். “மிஸ் அதெல்லாம் பாக்க மாட்டாங்கய்யா” என்றார் கடைக்காரர். ஒட்டிக் காயவைத்த சார்ட்டை ராத்திரி எலி வந்து மதிப்பீடு செய்தது. கம்பு, பாசிப்பயறு இரண்டையும் சுத்தமாக எடுத்துக்கொண்டு, ஃபெவிகாலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. எங்கள் வீட்டில் எது தானியம், எது பசை என்று தெரிந்த ஜீவன் அது ஒன்றுதான்.

ஒட்டுகிற வேலைக்கெல்லாம் எங்கள் வீட்டுக்காரிதான் பொறுப்பு. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்தவள். கோவில்பட்டி வட்டாரத்தில் அவள் வயதுப் பொம்பளைகள் நிறையப் பேருக்கு, எவ்வளவு பசை எந்த விரலில் எடுக்க வேண்டும் என்று இன்னும் கை மறக்கவில்லை. பள்ளிக்கூடம் போகவேண்டிய நேரத்தில் அதைத்தான் படித்தார்கள். பேத்தியின் சார்ட்டில் படம் ஒட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: “அன்னைக்கி ஒட்டுனதுக்குக் கூலியாவது குடுத்தான். இப்ப ஃபீஸு கெட்டி ஒட்ட வேண்டியிருக்கு.” நான் பதில் பேசவில்லை. அவளிடம் பொதுவாகவே பேசுவதில்லை.

எங்கள் தெருவுக்கு எதிர்த்தாற்போல இருக்கிற யூனியன் பள்ளிக்கூடத்தில் இந்தக் கூத்து கிடையாது. அங்கே ‘எண்ணும் எழுத்தும்’. கொரோனாவில் வீட்டோடு கிடந்த பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் விட்டுப்போனதைச் சரிக்கட்ட 2022 ஜூனில் தொடங்கிய திட்டம். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புவரை, அடுத்த வருசம் நாலு, ஐந்துக்கும். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைக்கிறார்கள். டீச்சர் கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு அதன் குரலில் பேசுகிறார். அப்புறம் அதே கையால் செல்போன் செயலியில் மதிப்பீட்டை ஏற்றுகிறார்; டவர் கிடைக்காத அன்றைக்குக் கையை உயரத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாகச் சாப்பாடும் உண்டு. அங்கே பிள்ளைகள் பிடித்து வைக்கும் களிமண் யானைக்கு மூன்று கால்தான் இருக்கும். ஆனால் பிடித்தது பிள்ளை. இந்த அரும்பு, மொட்டு, மலர் விசயத்தில் எனக்கு ஒரு முக்கியமான கருத்து இருக்கிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட இதுவரை யோசிக்காதது. வேட்டுவன் கோயில் கதையை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன். அப்படியானால் பேத்தியை ஏன் அங்கே சேர்க்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் மருமகளைக் கேட்கவில்லை.

வேட்டுவன் கோயில். கழுகுமலையில் இருந்துகொண்டு ஊரின் சிறப்பு என்றால் வேறு எதைச் செய்வது? கழுகாசலமூர்த்தி கோயிலைச் செய்யலாம். கூடவே மலையையும் செய்ய வேண்டியிருக்கும். ஃபேன்சி ஸ்டோரில் தாஜ்மகால் ரெடிமேடாக இருந்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் இருந்தது. ஈஃபில் டவர்கூட மடக்கி வைத்த அட்டையில் இருந்தது. “வேட்டுவன் கோயில் இல்லையா?” என்றேன். கடைக்கு வெளியே வந்து தலையைத் தூக்கினால் அந்த மலைதான். “அத யாருய்யா கேக்கா?” என்றார்.

ஆகவே நாங்களே செய்வது என்று முடிவானது. எப்படிச் செய்வது என்பதில்தான் சண்டை. என் மகன் யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டு, தெர்மாகோல் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கி ஒட்டலாம் என்றான். நான் விடவில்லை. அடுக்கி ஒட்டினால் அது கட்டடம். வேட்டுவன் கோயிலை யாரும் கட்டவில்லையே! 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலைப்பாறையைச் சுற்றிலும் ஏறக்குறைய ஏழரை மீட்டர் ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி எடுத்தது. ஒரு கல்கூட அங்கே ஒட்டப்படவில்லை. எல்லோராக் கைலாசநாதர் கோயிலோடு வைத்துப் பேசுகிற வேலை. அதை ஃபெவிகால் போட்டு ஒட்டுவது அந்தச் சிற்பியை அவமானப்படுத்துவது. பரணில் டிவி வாங்கியபோது வந்த பெரிய தெர்மாகோல் கட்டி கிடந்தது. அதை இறக்கி, பிளேடை எடுத்துக்கொண்டு, உச்சியிலிருந்து ஆரம்பித்தேன்.

வேட்டுவன் கோயிலுக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சிற்பி ஒருவன் திருவிழாக் கூட்டத்தில் மகனைத் தொலைத்துவிடுகிறான். பல வருசம் கழித்து, பக்கத்தில் ஒரு இளவட்டச் சிற்பி தன்னைவிட நன்றாகச் செதுக்குகிறான் என்று கேள்விப்பட்டு, பொறாமையில் உளியால் அடித்துக் கொன்றுவிடுகிறான். கடைசியில் பார்த்தால் செத்தவன் தொலைந்த மகன். கோயில் முடியாமல் நின்றது அதனால்தான் என்று கதை. சின்ன வயதில் இதைக் கேட்டபோதெல்லாம் அந்த அப்பன்மேல் எனக்கு ஆத்திரமாக வரும்.

தெர்மாகோலைப் பிளேடால் அறுத்தால் பொரி பொரியாக உதிரும். ஃபேனைப் போட்டால் பறக்கும். நிறுத்தினால் வேர்க்கும். வேர்த்தால் அந்தப் பொரி நெற்றியிலும் புருவத்திலும் ஒட்டும். உச்சி ஓரளவு வந்தது. மூலைக்கு மூலை நந்தி இருக்க வேண்டும். ரெண்டு நந்தி வந்தது, மற்ற இரண்டும் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பூதகணங்களை மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் செதுக்கினேன். தெற்குப் பக்கத்துத் தட்சிணாமூர்த்தியில்தான் மாட்டிக்கொண்டேன். மற்ற ஊர்த் தட்சிணாமூர்த்தி சும்மா உட்கார்ந்து உபதேசம் பண்ணுவார். எங்கள் ஊர்க்காரர் மிருதங்கம் வாசிக்கிறார். அந்த விரலும், சாய்ந்த தலையும்! கருங்கல்லில் அதைக் கொண்டுவந்திருக்கிறான் ஒருவன். என் தெர்மாகோலில் அவர் கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி வந்தார். “மிருதங்கம் வேண்டாம்ப்பா, சும்மா உக்கார வச்சிருங்க” என்றான் மகன். மிருதங்கத்தை எடுத்துவிட்டால் அப்புறம் அது எந்த ஊர்க் கோயில்?

பதினொன்றரை மணிக்கு நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், கல் நிறம் வரட்டும் என்று அவன் பைக்குக்கு அடித்து மிச்சம் வைத்திருந்த ஸ்பிரே பெயிண்டை எடுத்து அடித்துவிட்டான். அந்தப் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலை உருக்கிவிடும். நான் திரும்பி வந்தபோது வடக்குப் பக்கத்து விமானம் தன்னால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு வருச வெயிலும் மழையும் அசைக்காத கோயில், என் கண் முன்னால் குழம்பாக வழிந்தது. கதையில் வரும் அந்த அப்பன்மேல் முதன்முதலாக எனக்கு ஒரு அனுதாபம் வந்தது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த வீட்டுக்காரி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மைதா மாவைக் காய்ச்சிப் பழைய பேப்பரைக் கிழித்து நனைத்து, ஓட்டையை அடைத்தாள். மேலே வாட்டர் கலர். காலையில் பார்த்தபோது வடக்குப் பக்கம்தான் உள்ளதில் நன்றாக இருந்தது.

கடைசியாக அடிப்பாகம். அசல் கோயிலில் விமானம்தான் முடிந்திருக்கிறது. கீழே வேலை முடியவில்லை. நானும் கீழே கட்டியாக அப்படியே விட்டேன். “மாமா, கீழ ஒண்ணுமே செய்யலையே?” என்றாள் மருமகள். “அது அப்படித்தாம்மா இருக்கும்” என்றேன். தூக்கம் வந்ததால் விட்டேன் என்று மகன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஏ டூ.

ஏ ஒன் வாங்கிய பையன் என்ன கொண்டுவந்தான் தெரியுமா? ஒரு சார்ட்டில் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை ஒட்டி, ‘2020இல் புவிசார் குறியீடு பெற்றது’ என்று கீழே எழுதியிருந்தான். அவ்வளவுதான். நல்ல மிட்டாய்தான், யார் மறுத்தது? ஆனால் அது கோவில்பட்டிக் கடலை மிட்டாய்! தலைப்பு ‘நம் ஊர்’. கோவில்பட்டிக்கு நாங்கள் பஸ் ஏறித்தான் போகவேண்டும். கோவில்பட்டி நம் ஊர் என்றால் திருநெல்வேலியும் நம் ஊர், அல்வாவை ஒட்டியிருக்கலாம். இன்னும் இரண்டு பாக்கெட் டீச்சர்கள் அறைக்குப் போனதாகப் பேத்தி சொல்கிறாள். நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் மார்க்கில் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) பள்ளி வேன் தினமும் மலையடிவாரத்தைச் சுற்றித்தான் வருகிறது. ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளை வரிசையாக மேலே நடத்திக் கூட்டிப்போய், இதுதான் பிள்ளைகளா என்று காட்டிவிட்டுக் கீழே இறக்கினால் முடிந்தது. தெர்மாகோல் வேண்டாம், பிளேடு வேண்டாம். போகமாட்டார்கள். வெயில், குரங்கு, பாதுகாப்பு, ஒப்புதல் படிவம். “வேட்டுவன் கோயில் எங்கம்மா இருக்கு?” என்று பேத்தியிடம் கேட்டேன். “ஸ்கூல் அலமாரியில” என்றாள். இடைசெவல் கி. ராஜநாராயணன் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதாகச் சொல்லிக்கொள்வார். அந்த மழையை வேடிக்கை பார்த்தே அவ்வளவும் எழுதினார். இன்றைக்கு ஒதுங்கியிருந்தால் ‘மழை’ என்ற தலைப்பில் சார்ட் கேட்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் அந்த மலையே ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. சமணர்கள் இருந்த இடம். பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. குரத்தியர் என்று பெண் ஆசிரியர்கள் பேர்கூட அதில் இருக்கிறது. அவர்களுடைய மாணாக்கர் பேரும் இருக்கிறது. இன்னாருடைய மாணாக்கர் இன்னார் இந்த உருவத்தைச் செய்வித்தார் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செய்து கொடுத்தவன் யார் என்று மட்டும் இல்லை. ஆக, மாணாக்கர் பேர் மேலே, வேலை பார்த்தவன் பேர் காற்றோடு என்கிற ஏற்பாடு இந்த மலையில் அப்போதே இருந்திருக்கிறது. எங்கள் கோயிலின் அடியிலும் ஸ்கெட்ச் பேனாவில் பேத்தியின் பேரும் வகுப்பும் பிரிவும் இருக்கின்றன.

ஏ டூவுக்குக் காரணம், ‘அடிப்பகுதி முழுமை பெறவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அசல் கோயிலுக்கும் இதே மார்க்தான் போடுவார்கள் போல. அரும்பு, மொட்டு, மலர் பற்றிச் சொல்வதாகச் சொன்ன கருத்து இருக்கட்டும். முதலில் இந்த அநியாயத்துக்கு ஒரு பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. எழுதினேன். நூற்றாண்டு, பாண்டியர், ஒற்றைக் கல், ஏழரை மீட்டர், அப்பன் மகன் கதை எல்லாம் போட்டு, அடிப்பகுதி முழுமை பெறாததே அதன் வரலாற்றுச் சிறப்பு என்று நிறுவி, மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டு, பேத்தியின் டைரிக்குள் வைத்து அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

“மிஸ் படிச்சாங்களா?”

“படிச்சாங்க தாத்தா. சிரிச்சாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“அடுத்த தடவ அப்பாவயே செய்யச் சொல்லுன்னாங்க.”