கொரிய மாப்பிள்ளைக்கு இடைஞ்சலாக நின்ற காபிச் செடி

பெறுநர்:
மாண்புமிகு தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் பசுமைப் பராமரிப்பு உபகமிட்டியார்,
எங்கள் வில்லா உரிமையாளர் நலச் சங்கம், ஏற்காடு.

மேன்மை தங்கியவர்களே,

என் வீட்டு கேட்டில் தாங்கள் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸை, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பயபக்தியோடு வாசித்தேன். 'வில்லா முகப்பில் காணப்பட்ட களைகள் (காபி – 2) அகற்றப்பட்டன. அகற்றிய கூலி உரிமையாளர் கணக்கில் சேர்க்கப்படும். அபராதம் தனி.' நான் சேலத்துக்கு இறங்கிப் போயிருந்த நேரம் பார்த்து, வெயிலில் நான் சிரமப்படக் கூடாதே என்று காரியத்தை முடித்து வைத்திருக்கிறீர்கள். அந்தக் கருணைக்கு முதலில் ஒரு நமஸ்காரம்.

அதோடு விட்டீர்களா? வாட்ஸ்அப் குழுவில் படமும் போட்டீர்கள். 'முன்' என்று ஒன்று, 'பின்' என்று ஒன்று. முன் படத்தில் என் செடிகளைச் சுற்றி, திருடனைப் பிடித்தாற்போல் சிவப்பு வட்டம். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டுச் சாவி எது என்று செக்யூரிட்டியிடம் கேட்கிற பெங்களூர்க்காரர்கூடக் கைதட்டியிருந்தார்.

காபி களை. அதுவும் ஏற்காட்டில்! 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபியை நட்டபோது நம் சங்கம் பிறந்திருக்கவில்லை. துரை தப்பித்தார். இருந்திருந்தால் அவருடைய கிரேஞ்ச் பங்களா வாசலிலும் ஒரு நோட்டீஸ் தொங்கியிருக்கும். 'கலெக்டராக இருந்தாலும் பைலா பைலாதான்' என்று நம் செயலாளர் சொல்லியிருப்பார். சொல்லக்கூடியவர்தான்.

என் செடிகள் செய்த குற்றம் எனக்குத் தெரியாமல் இல்லை. அவை மாப்பிள்ளைக்கு அருகில் நின்றன. கொரியன் புல்லைத்தான் சொல்கிறேன். சங்கத்தின் பணத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த மாப்பிள்ளை. அவர் வந்த நாள் மறக்கக்கூடியதா? பாயாகச் சுருட்டி, ஈரச்சாக்கு போர்த்தி, லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றிச் சுற்றி மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. இறங்கியதும் அவருக்கென்று செம்மண், அவருக்கென்று எரு. காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல். அவர்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, குழந்தைகள் பந்து போடக் கூடாது, நாய் எட்டிப் பார்க்கக் கூடாது. வேலைக்குப் போகிறாரா? போகமாட்டார். பூ உண்டா, காய் உண்டா? கேட்கவே கூடாது, மாப்பிள்ளை முகம் வாடிவிடும். அப்படியும் வாடித்தான் கிடக்கிறார். நிழல் ஆகவில்லையாம், மூடுபனி ஒத்துக்கொள்ளவில்லையாம். அவரைக் குறை சொல்ல முடியுமா? பெண் எடுத்த இடம் சரியில்லை.

காபியும் வந்தேறிதானே என்று உபகமிட்டியார் பைலாவைப் புரட்டுவதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன். காபியின் பூர்வீகம் எத்தியோப்பியா. அதற்குக் குடை பிடிக்கிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. ஆனால் அவை இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒன்று நிழல் கொடுத்தது, தன் உடம்பில் மிளகுக் கொடியை ஏற விட்டது. இன்னொன்று இரண்டு நூற்றாண்டாக இந்த மலைக்குச் சோறு போடுகிறது. நிஜமான மண்ணின் மைந்தரைத்தான் பார்க்க வேண்டும் என்றால், வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று ஒரு மரம் இருக்கிறது. தாவரவியல் பெயரிலேயே சேர்வராயன் மலையைச் சுமந்துகொண்டு, இந்த மலையை விட்டால் போக்கிடம் இல்லாமல் அருகிப்போன மரம். அது நம் வேலிக்குள் முளைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது. சிவப்பு வட்டம் தயாராக இருக்குமே!

அடுத்த பொதுக்குழுவில் சில்வர் ஓக் மரங்களை 'ஒழுங்குபடுத்தும்' தீர்மானம் வருகிறதாம். மாப்பிள்ளைக்கு வெயில் வேண்டும், மாமனார் வீட்டுக் கூரையையே பிரித்துவிடலாம் என்கிறீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்காமல் கோடரி வைக்க முடியாது. நம் பைலாவை விட வயதில் மூத்தது என்பதற்காகவாவது கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

அந்தச் செடிகள் எப்போது வெட்டப்பட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூ மழை பெய்து முடிந்திருந்தது. மழைக்குப் பிறகு பத்து நாளுக்குள் காபி பூத்துவிடும் என்பது இந்த மலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். மொட்டு வெள்ளை கட்டிக்கொண்டிருந்தது. மிஷினோடு வந்த ஆளிடம், புல்லில் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, "பூக்கப் போற செடிப்பா, வேணாம்" என்று சொல்லியிருக்கிறார். "உன் வேலையைப் பாரு" என்று மேற்பார்வையாளர் அதட்டினாராம். அந்த அம்மாவின் குடும்பம் நம் வில்லாவுக்கும் முன்னால், துரைக்கும் முன்னால், தலைமுறை தலைமுறையாகச் சேர்வராயனைக் கும்பிட்டு இந்த மலையில் வாழ்ந்த குடும்பம். அவர் வெயிலில் குந்திக் குந்திக் களை எடுக்கிறார். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வருகிறார். ஏனென்றால் கிளப் ஹவுஸ் குழாய்க்குப் பூட்டு. 'பணியாளர்கள் பயன்படுத்தக் கூடாது' என்று அதற்கும் ஒரு நோட்டீஸ். பத்தடி தள்ளி, டேங்கரில் வந்த தண்ணீர் ஸ்பிரிங்லரில் சுற்றிச் சுற்றிப் புல்லுக்குப் போகிறது. புல்லுக்கு உண்டு, மனுஷிக்கு இல்லை. இதைத் தீர்மானம் போட்டு, கை தூக்கி, மினிட்ஸில் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். படித்தவர்கள்தானே நீங்கள்? வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். மலைக்காற்று சில சமயம் தலைக்கு ஏறிவிடுகிறது. தங்கள் நிர்வாகத் திறமையில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியையே வருஷத்தில் சில நாள்தான் அரசாங்கத்தால் நடத்த முடிகிறது. தாங்களோ பன்னிரண்டு மாதமும் பூவே இல்லாத ஒரு கண்காட்சியை விடாமல் நடத்துகிறீர்கள்.

மெயின்டனன்ஸ் தொகை வழக்கம்போல் வந்து சேரும். அபராதத்தையும் கட்டிவிடுகிறேன், ஆனால் ஒரு ரசீது வேண்டும். அதில் 'காபி என்னும் களைக்காக' என்று தெளிவாக எழுதி, தலைவரே கையெழுத்திட வேண்டும். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட ஆசை. கிளப் ஹவுஸ் பூட்டுக்குச் சாவி ஒன்று அந்த அம்மாவிடம் போக வேண்டும். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு தகவல்: அடியோடு வெட்டினாலும் காபி திரும்பத் துளிர்க்கும். துளிர்க்கிற நாளில் தங்கள் ஆட்களை அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டித் தெரிவிக்கவும். நான் சேலம் போகமாட்டேன், நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
முன்னாள் காபி வளர்ப்போன்.

பி.கு.: நேற்று ராத்திரி காட்டெருமை ஒன்று வேலியைத் தாண்டி வந்து மாப்பிள்ளையைப் பாதிக்கு மேல் மேய்ந்துவிட்டு, சாணத்தையும் மொய்யாக வைத்துவிட்டுப் போனதாகக் கேமரா சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற ஆசாமி, தொட முடியாது. நோட்டீஸை எங்கே ஒட்டுவது என்று செயலாளர் குழம்புவதாகக் கேள்வி. கொம்பு அகலமாகத்தான் இருக்கிறது. பசை நான் வாங்கித் தருகிறேன்.