பாட்டில் சொன்னால் குற்றம்

2015 அக்டோபர் 30. பொழுது விடியவில்லை. திருச்சியில் ஒரு பாடகரைப் பிடிக்கப் போலீஸ் வந்து நின்றது. கஜானாவைச் சுரண்டியவர்கள் வீட்டுக்கு நம் போலீஸ் இந்நேரத்தில் போவதில்லை. பெரிய மனிதர்களின் தூக்கம் கெடும். வந்தது கோவனுக்காக. மக்கள் கலை இலக்கியக் கழகத்துக்காரர். டாஸ்மாக்கை மூடு என்று பாடியிருந்தார், அன்றைய முதல்வரையும் பாட்டுக்குள் இழுத்திருந்தார். மதுக்கடையை எடுக்கச் சொல்லி செல்போன் கோபுரம் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் செத்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. அரசு சும்மா இருக்குமா? போட்டது 124ஏ, தேசத்துரோகம். 1870இல் வெள்ளைக்காரன் தனக்காக எழுதிக்கொண்ட பிரிவு. திலகரையும் காந்தியையும் உள்ளே தள்ளிய அதே பிரிவு, சாராயக் கடைக்குக் காவலாளியாக வந்து சேர்ந்தது.

தேசம் என்றால் எது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இமயம் முதல் குமரி வரை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வீண். பச்சைப் பலகை, கம்பி வலை, வலைக்குள்ளிருந்து நீளும் ஒரு கை, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்கும் ஒரு குரல். இதுதான் தேசம். இதை எதிர்த்துப் பறையடித்தால் துரோகம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 2016 மே மாதம் மீண்டும் முதல்வரான ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டார். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு மேலும் ஒரு 500. 'மூடு' என்று பாடியவர் துரோகி என்றால், மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? பாட்டில் சொன்னால் குற்றம்; கோப்பில் எழுதினால் கொள்கை முடிவு! முழுக்க மூடவில்லையே, அதனால் அது அரைகுறைத் துரோகம் என்று விட்டுவிட்டார்கள் போலும். 2016 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கு என்று அச்சடித்த தி.மு.க. 2021இல் கோட்டைக்கு வந்தது. கடை திறந்தே இருக்கிறது.

நம் சினிமாவில் புரட்சிக்கு என்றைக்குப் பஞ்சம்? நாயகன் அறிமுகமாகும் பாட்டிலேயே அரசாங்கத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார், பின்னால் ஐம்பது பேர் ஆடுவார்கள். எந்த அரசாங்கம் என்று மட்டும் கேட்கக் கூடாது. படம் வெளியாக வேண்டுமே! பெயர் சொல்லிப் பாடுகிறவனுக்குத்தான் விடியாத நேரத்தில் வண்டி வரும். கோவனுக்கு 2018 ஏப்ரலில் மறுபடி வந்தது. இந்த முறை பிரதமரைப் பாடிவிட்டார். முதல் கைதில் வாயை மூடியிருந்தால் இரண்டாவது கைதுக்கு வேலையே இருந்திருக்காது. மனிதர் மூடவில்லை.

இனிப் பாடப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது என்று கைதட்டியவர்கள் கையை இறக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு இருக்கிறது. துரோகம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆயுள் தண்டனை அப்படியே நிற்கிறது. அது இல்லையென்றால் பழைய சட்டத்தில் 3 ஆண்டு வரை, இதில் 7.