ரோலர் ரிப்பேருக்கு வசூல்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். ஆக்ஸ்போர்டிலிருந்து இங்கே வந்து சேராத ஒரு சங்கதி, புல்தரை டென்னிஸ் கோர்ட். சித்திரை வெயிலில் அப்படியே புல்லை வளர்த்துவிட்டாலும், சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு மாடு வந்து மேட்சை முடித்துவைத்துவிடும்.

எந்தக் கல்லூரியிலும் ஒரு காட்சி உண்டு. டீம் பையன் ஒருவன், பந்துக்கும் பஸ்ஸுக்கும் காசு கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். உடனே ஒரு பெரிய மனிதர், "டென்னிஸ் ஜென்டில்மேன் ஆட்டம், இதில் காசு பேசலாமா?" என்பார். பையன் கூனிக்குறுகித் திரும்புவான். பாவம், அவனுக்கு வரலாறு தெரியாது. பெரிய மனிதருக்கும்தான்.

1877-க்குப் போவோம். லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டனில் ஒரு கிளப். புல்தரையைச் சமப்படுத்த அவர்களிடம் மட்டக்குதிரை இழுக்கும் ரோலர் ஒன்று இருந்தது. அது பழுதாகிவிட்டது. சரி செய்யக் காசு வேண்டும். என்ன செய்யலாம்? ஒரு டென்னிஸ் போட்டி வைப்போம் என்றார்கள். ஆமாம் அண்ணாச்சி, உலகமே வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு கும்பிடுகிற விம்பிள்டன், ரோலர் ரிப்பேருக்காக நடந்த வசூல்! நம்ம ஊர் அம்மன் கொடைக்கு வரி பிரிக்கிற மாதிரிதான். நாம் கூடுதலாக வில்லுப்பாட்டும் வைப்போம்.

ஆட வந்தவர்கள் 22 பேர். தலைக்கு ஒரு கினி கட்டணம். ஃபைனல் பார்க்க ஒரு ஷில்லிங் டிக்கெட். சுமார் 200 பேர் வந்தார்கள். அந்த ஃபைனலுக்கு முன்னால், ஈட்டன் - ஹாரோ பள்ளிக்கூடப் பையன்களின் கிரிக்கெட் மேட்சுக்காகப் போட்டிக்கே இடைவேளை விட்டார்கள். ஜெயித்த ஸ்பென்சர் கோர் 12 கினி பரிசை வாங்கிக்கொண்டு, இந்த ஆட்டம் சலிப்பூட்டுகிறது என்று பிற்பாடு எழுதினார். அவருக்குக் கிரிக்கெட்தான் உயிராம். முதல் சாம்பியனே இந்த லட்சணம்!

அப்புறம் ஆட்டம் பிரபலமாச்சு, கூட்டம் பெருகிச்சு. அப்போதுதான் டென்னிஸ் சங்கக்காரர்களுக்கு ஞானம் பிறந்தது: ஆடுகிறவன் காசு வாங்கினால் பாவம், டிக்கெட் விற்கிறவன் வாங்கினால் நிர்வாகம். வெளிப்படையாகச் சம்பளம் வாங்கியவனுக்கு விம்பிள்டன் கிடையாது, டேவிஸ் கோப்பை கிடையாது. ஆனால், பெரிய ஆட்டக்காரர்களுக்கு 'பயணப்படி' என்ற பெயரில் கவர் கைமாறியது ஊருக்கே தெரிந்த ரகசியம். ஜென்டில்மேன் என்றால் எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போடுகிறவர் போலிருக்கிறது.

இந்த நேரத்தில் வருகிறார் நம்மாள். நெல்லையில் பஸ் ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றில் தலை கலைந்தால் நாகர்கோவில். ராமநாதன் கிருஷ்ணன் அங்கே 1937-இல் பிறந்தார். தாமிரபரணி தாண்டிப் பிறந்தாலும் நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம், யாரும் கேஸ் போடப் போவதில்லை.

சென்னை லயோலா கல்லூரி, கல்லூரி மாணவர்களுக்கென்றே பெர்ட்ராம் கோப்பைப் போட்டியை நடத்திவந்தது. (லயோலா 1925-இல் பிறந்தது, நம்ம பாளை சேவியர் கல்லூரி 1923-இல். அண்ணன் யாரென்று குறித்துக்கொள்ளுங்கள்.) பள்ளிக்கூடப் பையனான கிருஷ்ணன் தனி அனுமதி வாங்கி உள்ளே புகுந்தார். 1951-இல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். மீசை வைத்த அண்ணன்மார் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார்களோ!

1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960, 1961 இரண்டு வருஷமும் பெரியவர்களுக்கான அரையிறுதி. பரிசுப் பணம் எவ்வளவு? சைபர். ஜாக் கிராமர் என்ற அமெரிக்கர், சர்க்கஸ் கம்பெனி நடத்துகிற கணக்காய் ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்குப் பிடித்து ஊர் ஊராய் ஆடவைத்துக்கொண்டிருந்தார். அவர் கிருஷ்ணனுக்கு மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர் உத்தரவாதம் என்றார். அன்றைய கணக்கில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல்! இன்றைய ஐபிஎல் ஏலத்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்குக் கேட்டால் மயக்கம் வரும். கிருஷ்ணனுக்கு வரவில்லை. வேண்டாம் என்றுவிட்டார்.

அதனால்தான் 1966-இல் டேவிஸ் கோப்பைக்கு அவர் இருந்தார். கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் நாலாவது செட்டில் 2-5 என்று தொங்கிக்கொண்டிருந்து, அங்கிருந்து ஜெயித்து இந்தியாவை இறுதிச் சுற்றுக்கு அழைத்துப் போனார். பிற்பாடு சென்னையில் காஸ் ஏஜென்சி நடத்தினார். கிராமர் டாலரை மறுத்தவர், சிலிண்டர் பில்லுக்குச் சில்லறை எண்ண வேண்டியிருந்தது.

1968-இல் விம்பிள்டனே மனசு மாறி, ஜெயித்த ராட் லேவருக்கு 2,000 பவுண்டு கொடுத்தது. அதே வருஷம் அமெரிக்க ஓப்பனை வென்றவர் ஆர்தர் ஆஷ். கலிஃபோர்னியா பல்கலைக்கழக டீமில் வளர்ந்த பிள்ளை, இன்னும் அமெச்சூர், அதாவது பரிசுப் பணம் வாங்கக் கூடாதவர். தோற்ற டாம் ஓக்கர் 14,000 டாலரை வாங்கிக்கொண்டு போனார். ஜெயித்த ஆஷுக்கு நாளைக்கு 20 டாலர் படி. தோற்பதற்கு இதைவிட நல்ல நாள் ஓக்கருக்கு வாய்த்திருக்காது.

சரி, ஆட்டத்தில் காசு வந்துவிட்டதே, இப்போதாவது அமெரிக்கக் கல்லூரி டீம்கள் கொழிக்குமே என்கிறீர்களா? அங்கே கல்லூரி விளையாட்டின் முதல் டிவிஷனில் ஆண்கள் டென்னிஸ் அணிக்கு வெகுகாலம் நாலரை ஸ்காலர்ஷிப்தான் வைத்திருந்தார்கள். ஒற்றையருக்கே ஆறு பேர் இறங்க வேண்டும்! கோச்சுக்கு ஃபோர்ஹேண்ட் மறந்தாலும் பரவாயில்லை, பின்னக் கணக்கு மறக்கக் கூடாது: இவனுக்கு முழுசு, அவனுக்கு அரை, அந்த ஒல்லிப் பையனுக்குக் கால். பெண்கள் அணிக்கு எட்டு. காரணம், அமெரிக்கக் கால்பந்து டீம் ஒன்றே ஆண்கள் பங்கில் 85-ஐ விழுங்கிவந்தது. பெண்களுக்கும் சமமாகக் கொடு என்று 1972-இல் சட்டம் வந்ததும், தடியன்கள் மேல் கை வைக்கத் துணியாமல் டென்னிஸ் பையன்கள் தட்டில் கை வைத்தார்கள். அந்த நாலரைக் கணக்குக் காலத்தில்தான் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு வருஷமும் தேசியக் கல்லூரிப் பட்டத்தை அடித்தார்.

ஆகவே அண்ணாச்சி, அடுத்த தடவை டீம் பையன் வவுச்சரோடு வந்து நின்றால் ஜென்டில்மேன் கதையை எடுக்காதீர்கள். கையெழுத்தைப் போடுங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது.