ஸ்மார்ட் போர்டு சார்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்கள் இரு வகைப்படுவர்: பாடம் நடத்துபவர், பாடம் போடுபவர். இரண்டாம் வகையினரே மாணவர் வழக்கில் 'ஸ்மார்ட் போர்டு சார்' எனப்படுவோர். பெண்ணாயின் 'லேப் மிஸ்'. மற்ற ஆசிரியரைக் கண்டால் புத்தகத்தைத் தேடும் வகுப்பு, இவரைக் கண்டதும் ஜன்னலைச் சாத்தும். அடையாளம் அவ்வளவே.

இவருடைய தோள்பை கனமானது. அதில் பாடநூல் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று, அது பொருந்தாத இடத்துக்கு இன்னொரு கேபிள், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் சேர்த்துவைக்கும் அடாப்டர், புளூடூத் ஸ்பீக்கர், நான்கு பென் டிரைவ் ஆகியன இருக்கும். நான்கில் ஒன்றில் வைரஸ் உண்டு. எதில் என்பது மாட்டிய பிறகே தெரியும். ரிமோட்டுக்கான பேட்டரிகள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றப்பட்டவை. ஆகவே அவர் வீட்டில் மணி எப்போதும் ஏழு இருபது. பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரமும் அதுவே என்பதால் வீட்டார் பெரிதுபடுத்துவதில்லை.

பணிமாறுதல் கலந்தாய்வின் கைங்கரியத்தால், விழுப்புரத்தில் குடியிருப்பவர் ஒலக்கூர், மரக்காணம் பக்கமும், திண்டிவனத்தில் குடியிருப்பவர் காணை, கோலியனூர் பக்கமும் வேலை பார்ப்பது இப்பகுதியின் வழக்கம். இரு தரப்பாரும் காலையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி அருகே எதிரெதிர்ப் பேருந்துகளில் ஒருவரையொருவர் கடக்கின்றனர். ரயிலில் போகிறவர்களுக்கு முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் வர வர, கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பி.பி.டி. கைமாறும். பி.பி.டி.க்குப் பட்டா கிடையாது. ஒரு பாடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதுவே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் ஸ்லைடில் எங்கோ தெற்கத்தி மாவட்டத்து ஆசிரியர் ஒருவரின் பெயர், கடைசி ஸ்லைடில் நன்றியும் ஒரு ரோஜாவும். பெயரை அழித்துத் தம் பெயர் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ரோஜாவில் கைவைத்தவர் எவருமில்லை.

இந்த இனம் நேற்று முளைத்ததன்று. ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர, பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு 1959-இல் சென்னை மாநிலத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் சிலருக்கு, அந்தச் சிலர் பலருக்கு என்று உருண்டு பெருப்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் இருப்பது என்று மட்டும் அறிந்த நாட்டில் பனிப்பந்தை உருட்டியது வெள்ளைக்காரத் துணிச்சல்தான். இன்றும் பயிற்சி அந்த வழியில்தான் உருள்கிறது. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்கு, மாவட்டக் கருத்தாளர் வட்டாரத்துக்கு. உருள உருளப் பந்து பெருக்கிறதா கரைகிறதா என்பது வட்டார வள மையத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்நேரத்தில் எஞ்சியிருப்பவை தேநீரும், வருகைப் பதிவேடும், குழுப் புகைப்படமும்.

கருவிகள் வந்த வரிசை சுவையானது. 2011 செப்டம்பர் 15-இல் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, லேப்டாப் பிளஸ் டூ மாணவன் கைக்குப் போனது. ஆசிரியர் அவனிடம் இரவல் வாங்கிப் பாடம் போட்டார். மாணவனும் மனமுவந்து கொடுத்தான், அதிலிருந்த சினிமாக்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றிய பிறகு. 2018-இல் புதிய பாடநூல்கள் கியூ.ஆர். கோடுடன் வந்தன. கைபேசியால் ஸ்கேன் செய்தால் பாடம் வீடியோவாக விரியும். பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது. வீட்டிலோ அப்பாவின் கைபேசி அப்பாவோடு கட்டட வேலைக்குப் போயிருக்கும். ஆகவே மாணவர்கள் அந்தக் கட்டத்துக்குப் பேனாவால் மீசை வரைந்தார்கள். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஹைடெக் லேப்கள் வந்தன. கடைசியாக, தொட்டால் எழுதும் ஸ்மார்ட் போர்டும் வந்தது. இவை ஒவ்வொன்றும் வரும்போது தலைமையாசிரியர் ஊழியர் கூட்டத்தில் "யாருக்குங்க இதெல்லாம் தெரியும்?" என்று கேட்பார். பயன்படுத்தும் முறை எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் எல்லாரும் இங்கிலீஷ் சாரைத் திரும்பிப் பார்ப்பார்கள். லேப் பொறுப்பு அவரைச் சேர்ந்த வரலாறு இதுதான். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் செய்யும் பதிவேற்றமும் இப்படியே அவர் தலையில் வந்து உட்கார்ந்தது.

அவருடைய முக்கால் மணி நேரப் பாடவேளையைக் கூர்ந்து நோக்கலாம். வகுப்பை லேபுக்கு அழைத்துச் செல்லவும், வாசலில் செருப்பை வரிசையாக விடச் சொல்லவும் எட்டு நிமிடம். யு.பி.எஸ். கத்துவதைக் கேட்டு அது பேட்டரியா கரண்டா என்று ஆராய ஐந்து நிமிடம். அடுத்தது பாஸ்வேர்டு. முன்பிருந்த ஆசிரியர் ஊர்ப் பெயரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருப்பார். விழுப்புரத்தை ஆங்கிலத்தில் இரண்டு 'எல்', ஒரு 'பி' போட்டு எழுதுவோர் உண்டு. மாவட்ட நிர்வாகத்தின் இணையதள முகவரியிலோ ஒரு 'எல்', இரண்டு 'பி'. எப்படி எழுதினாலும் 'ழ' கிடையாது. ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத 1,018 இடங்களுக்கு 2020-இல் ஓர் அரசாணை வந்தது. வந்த வேகத்தில் திரும்பப் பெறவும் பட்டது. அது நிலைத்திருந்தால் பாஸ்வேர்டில் மூன்றாவது சாத்தியமும் சேர்ந்திருக்கும். ஸ்பெல்லிங் டெஸ்டில் ஓர் எழுத்துக்கு அரை மதிப்பெண் குறைப்பவர், தம் மாணவர்கள் முன்னிலையில் தம் ஊர்ப் பெயரை இரண்டு முறை தப்பாகத் தட்டச்சு செய்கிற காட்சி இது.

பிறகு திரையில் நீலம் பரவி, நடுவில் 'நோ சிக்னல்' என்று வரும். இவ்விடத்தில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவன் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறான். இவனுடைய மாமா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பார். "சார், சோர்ஸ்ல போயி எச்.டி.எம்.ஐ. டூ குடுங்க சார்" என்று பின்பெஞ்சிலிருந்து இவன் சொன்னதும் படம் வரும். இவன் ஆங்கிலத்தில் முப்பத்தைந்தைத் தொட முக்குகிறவன். ஆனால் பஃபரிங், லோடிங், இன்புட், டிஸ்கனெக்டட், ட்ரை அகெய்ன், லோ பேட்டரி எல்லாம் இவனுக்கு அத்துப்படி, இவனிடமிருந்து வகுப்புக்கும். பொருளறிந்து, இடமறிந்து, உச்சரிப்புப் பிசகாமல் சொல்வார்கள். வீட்டுப்பாடம் எங்கே என்றால் "பஃபரிங் சார்" என்கிறார்கள். மொழியைச் சூழலிலிருந்து கற்பிக்க வேண்டும் என்று பெங்களூர் வரை போய்ப் பயிற்சி பெற்று வந்த சாருக்கு, அந்தக் கொள்கை இவ்வளவு துல்லியமாகப் பலித்திருப்பது உறைப்பதில்லை.

இணையம் இல்லாத நாளில் அவர் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்காக வெளியே வருவார். திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணிவனத்திலிருந்து, அதாவது புளியங்காட்டிலிருந்து, வந்தது என்பர். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் நான்கு கட்டை சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் புளியமரத்தடியாகவே இருப்பது வியப்பு. வீடியோ இறங்கும் வரை சார் கையை உயர்த்தியபடி மரத்தடியில் நிற்பார். சத்துணவுக் கூடத்து ஆயா, "இன்னா சார், பேய் ஓட்டுறீங்களா?" என்பார்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் ஐந்தாம் அலகு இவருக்கென்றே அமைந்தது. உரைநடை 'டெக் புளூமர்ஸ்', மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் கைகொடுப்பதைச் சொல்வது. செய்யுள் ரட்யார்ட் கிப்ளிங் இயந்திரங்களைப் பேசவைத்தது. துணைப்பாடம் ஜூல்ஸ் வெர்ன் பெயரில் 1889-இல் வெளியான கதை; ஆயிரம் ஆண்டு கழித்து, 2889-இல், செய்தித்தாள் படிக்கப்படாமல் பேசப்படும் என்றும், கடலுக்கு அப்பாலிருக்கும் மனைவியின் முகத்தைக் கருவியில் பார்த்துப் பேசலாம் என்றும் சொல்வது. பாடத்திட்டம் முழுக்கக் கருவியாகவே இருக்கும் இந்த அலகு, அரையாண்டுத் தேர்வு நெருங்கும் மழை நாட்களில் வருகிறது. கரண்ட் இருக்காது. ஆகவே அதை மட்டும் அவர் சாக்பீஸால் நடத்துகிறார். கரும்பலகையில் அவர் வரைந்து காட்டும் வீடியோ கால் வகுப்புக்கு நன்றாகப் புரிகிறது. அந்த அலகில் மதிப்பெண்ணும் கூடுதலாக வருவதுண்டு. அதைக் கருத்தாளர்கள் பதிவு செய்வதில்லை.

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள் தனி. முதல் நாளே ஒத்திகை நடக்கும். 'குட் மார்னிங் சார்' சொல்ல ஒருத்தி, போர்டைத் தொட்டு வினைச்சொல்லைச் சரியான பெட்டியில் இழுத்துவிட ஒருவன். அவன் இழுக்கும்போது எடுத்த படம் அன்றிரவே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஏறும். "போட்டோ வந்திருச்சா சார்?" என்பது தலைமையாசிரியரின் கேள்வி, வினைச்சொல் பற்றி அவர் கேட்பதில்லை.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவருக்குப் பொற்காலம் வந்தது. மொட்டை மாடியில் லுங்கிக்கு மேலே முழுக்கைச் சட்டை அணிந்து 'டென்சஸ்' வீடியோ எடுத்தார். பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. பார்த்தவர்கள் பதினேழு பேர், அதில் நால்வர் உறவினர். படம் எட்டாத வீடுகளுக்கு ஆள்தான் போக வேண்டியிருந்தது. 2021 அக்டோபர் 27-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. தன்னார்வலர்களான ஊர்ப் பெண்கள் மாலையில் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொன்னார்கள். சார் அங்கும் போய், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் கூகுளின் ரீட் அலாங் செயலியை இறக்கிக் கொடுத்தார். அதில் வரும் 'தியா' என்ற பொம்மைப் பெண், எத்தனை முறை தப்பாக வாசித்தாலும் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பொறுமை சாருக்கே சற்றுச் சங்கடமாக இருந்தது.

பணிமாறுதல் வரும்போது இவர் பொறுப்பு ஒப்படைக்கிறார். இருப்புப் பதிவேட்டில் புரொஜெக்டர் 1 (மஞ்சளாகத் தெரியும்), ஸ்பீக்கர் 2 (ஒன்று பேசாது), ரிமோட் 1 (பேட்டரி சொந்தம்) என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். பாஸ்வேர்டு எழுதி மேஜைக்கடியில் ஒட்டிய சீட்டைக் கரையான் தின்றிருக்கும். மறுநாள் புதியவர் வந்து கணினி முன் உட்கார்ந்து, இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பை நிமிர்ந்து பார்க்கிறார். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று, ஒரே குரலில், எழுத்தெழுத்தாகச் சொல்கிறார்கள்: கேப்பிட்டல் வி, ஐ, எல், யு, டபுள் பி...