பெரிய சார்ஜர், பெரிய வேகமா?

கேள்வி: மின்சாரக் காருக்கு 7.2 கிலோவாட் சார்ஜருக்குப் பதிலாக 11 கிலோவாட் சார்ஜரை வீட்டில் பொருத்தினால் விரைவாகச் சார்ஜ் ஏறுமா?

பதில்: வீட்டின் மாறுதிசை மின்சாரத்தை பேட்டரி ஏற்கும் நேர்திசை மின்சாரமாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்-போர்டு சார்ஜரே என்பதால், அதன் திறன் 7.2 கிலோவாட் எனில், அகப்பை பெரிதென்று வாய் பெரிதாகாததுபோல, சுவரில் பொருத்தும் 11 கிலோவாட் பெட்டியாலும் அதற்குமேல் ஊட்ட இயலாது. அன்றாடம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ 6 யூனிட் போதுமாகையால், 16 ஆம்பியர் சாக்கெட்டில் இயங்கும் 3.3 கிலோவாட் சார்ஜரே அதைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஈடுசெய்துவிடும். எனவே மிஞ்சும் பணத்தைத் தனி வயரிங், முறையான எர்த், 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றுக்குச் செலவிடுவதே அறிவுடைமை.