சைக்கிள் வாங்குதலில் ஐந்திணைக் கூறுகள்: ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு சைக்கிள் சுகமானதா என்று முதலில் அறிவது உடம்பில் உட்காரும் பாகமே. ஆயினும் கடைக்குப் போகும் சென்னைவாசி தம் கண்களையே நடுவராக நியமிக்கிறார். நிறம் பார்க்கிறார், கியரை எண்ணுகிறார், பெல்லை அடித்துப் பார்க்கிறார்; உட்கார்ந்து மட்டும் பார்ப்பதில்லை. பறிக்கப்பட்ட அந்தப் பதவியை உரிய பாகத்துக்கு மீட்டுத் தருவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

சென்னைத் தெருக்களில் அன்றாடம் ஓட்டப்படும் சைக்கிள்கள் மட்டும். டாக்டர் சொன்னார் என்று வாங்கப்பட்டு, தற்போது பால்கனியில் துண்டு காயப் பயன்படுபவை விலக்கப்பட்டன.

முன்னோடிகள்

1885-இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தபோதே இன்றைய உருவம் ஏறத்தாழக் கிடைத்துவிட்டது. டயர்தான் கெட்டி ரப்பர். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தொழிலால் அவர் கால்நடை மருத்துவர். மனிதரின் பின்புற வேதனையைத் தீர்க்க மாட்டு டாக்டர் வரவேண்டியிருந்தது என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

திணைப் பகுப்பு

குறிஞ்சி: மலையும் மலை சார்ந்த இடமும். சென்னையில் இது மேம்பாலமும் மேம்பாலம் சார்ந்த இடமும் ஆகும். கத்திப்பாராவுக்கு அருகில் பரங்கிமலை நிற்பது சான்று. ஊரின் மற்ற பகுதி சமதளம். ஆகவே இருபத்தொரு கியர் என்பது உயர்வு நவிற்சி. ஏழு தாராளம், மேம்பாலத்தைத் தவிர்ப்போருக்குக் கியரே வேண்டாம்.

முல்லை: மாயோன் மேய நிலம். பார்த்தசாரதி கோயிலும் தெரு நடுவே அசைபோடும் ஆநிரையும் ஒருங்கே அமைந்த திருவல்லிக்கேணி இதற்குப் பொருந்தும். இம்மாடுகள் பெல்லுக்கு எழுந்திருப்பதில்லை. எனவே இங்கே இன்றியமையாதது பிரேக். அடுத்து, சீட்டை விட்டு இறங்கிக் காலூன்றி நிற்கையில் பார் கம்பி இடிக்காத ஃபிரேம்.

மருதம்: நீர்வளம் மிக்க வேளச்சேரி. மழை நாளில் மட்கார்டு இல்லாத சைக்கிள், சட்டையின் முதுகில் சேற்றால் நேர்கோடு போடும். புதிய கியர் சைக்கிள்கள் பலவற்றில் மட்கார்டுக்கும் கேரியருக்கும் தனிக்காசு என்பதை விலை பேசும்போதே நினைவில் கொள்க.

நெய்தல்: பிற்பகலில் ராதாகிருஷ்ணன் சாலை வழியே கடற்கரைக்குப் போனால் எதிர்க்காற்று நெஞ்சில் மோதும். குனிந்தால் காற்று குறையும். ஆனால் பாரம் உள்ளங்கைக்கு இறங்கி விரல் மரத்துப்போகும். நிமிர்ந்தால் பாரமெல்லாம் சீட்டுக்கு. ஆகவே நிமிர்வோருக்கு ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டும், குனிவோருக்கு ஒடுங்கிய சீட்டும் விதிக்கப்படுகின்றன. இரண்டையும் மாற்றி வாங்கியவர்க்கு இத்திணையின் உரிப்பொருளான இரங்கல் கைகூடும்.

பாலை: முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது மரபு. சென்னையில் மெட்ரோ வேலைக்குத் தோண்டினால் எந்த நிலமும் பாலையாகும். இதன் உரிப்பொருள் பிரிவு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முதுகெலும்பின் கண்ணிகள் இதை உணரும். பரிகாரம் ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள டயர். அகல டயரில் காற்றைக் கல் போல இறுக்க வேண்டியதில்லை; குலுக்கலை அதுவே வாங்கிக்கொள்ளும். அளவு டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிப்பவர்தான் இல்லை.

மறுப்பு

'மெத்தென்ற ஜெல் சீட்டே சுகம்' என்பது கட்டைவிரல்வாதிகளின் கொள்கை. கடையில் சீட்டை விரலால் அமுக்கி அவர்கள் இம்முடிவுக்கு வருகிறார்கள். ஏறி உட்கார்ந்தால் எலும்பு புதைய, நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தும். தியாகராய நகரில் தொடங்கும் சுகம் அடையாறு வருவதற்குள் முடிவுறும்.

செய்முறை

சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைக்கவும். முழங்கால் மடங்காமல் நேராக நின்றால் அதுவே சீட்டின் உயரம். பிறகு முன்பாதத்தால் மிதிக்கையில் கால் லேசாக மடங்கும், முட்டிவலி வராது.

முடிவுரை

ஐந்திணைக்கும் பொதுவாகத் தேறுவது உயரமான ஹேண்டில்பார், அகல டயர், நல்ல பிரேக், மட்கார்டு, கேரியர். கடையில் அதிக விலைச்சீட்டு தொங்கும் சைக்கிளில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. பணம் கொடுக்குமுன் பக்கத்திலுள்ள மிக மோசமான தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.