பத்து நாள் லீவுல கோதுமை

இன்னா தம்பி, பெட்டி கட்டியாச்சா? சத் பூஜை முடிச்சு, கோதுமை வெதைச்சுட்டு, பத்தாம் நாளே எண்ணூர் திரும்பிடுவேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டியாமே. உழவே இல்லாத வெதைப்பாம். மிஷின் ஒரு ஓட்டம் ஓடும், நீ வரப்புல குந்திக்கினு பீடி பிடிப்ப. நல்ல விவசாயம்டா இது. எனக்கே ஆசையாக் கீது.

மீஞ்சூர்ல நெல்லு போட்ட இந்தக் கெழவன், கோதுமையைப் பரோட்டாவாத்தான் பாத்திருப்பான்னு நெனைக்கிற. நெசம்தான். ஆனா எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பர் கேட்டுக்கு வரிசை கட்டி நிக்குதே கண்டெய்னர் லாரி, அதுல வர்ற அரியானா டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பாரு. வரிசை நகர்ற வரைக்கும் கோதுமைப் புராணம்தான். எனக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் வராது. களை மேல கீற கோவத்துக்கு பாஷை எதுக்கு?

குல்லி டண்டான்னு ஒரு களை. சின்னதுல கோதுமைக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. கோதுமைக்கு மாமன்னு உறவே சொல்றாங்களாம். ஐசோபுரோட்டூரான்னு ஒரே மருந்தை அரியானாவுல வருசா வருசம் அடிச்சாங்க. 1990க்கு அப்புறம் மாமனுக்கு அது பழகிப்போச்சு, அடிச்சாலும் சாவல. சில வயல்ல வெளையாத கோதுமையை மாட்டுக்கு அறுத்துப் போட்டாங்க. அதுக்குப் பின்னாடிதான் புது மருந்தும், உழாம வெதைக்கிற பந்த்நகர் மிஷினும் அங்க பரவுச்சு.

மண்ணைக் கெளறுனாத்தான் உள்ள தூங்குற களை வெதை மேல வந்து முழிச்சுக்கும். உழாட்டி அது பாட்டுக்குத் தூங்கும், உழவு நாளும் மிச்சம். நவம்பர் பாதிக்குள்ள வெதைச்சா கோதுமை முந்திக்கும், மாமனுக்கு நல்ல குளிர் வந்தாத்தான் முளைக்கவே தோணும். மார்ச்சு வெயில்ல மணி சுருங்குறதும் கொறையும். ஆனா இப்பவே தலை தூக்கி நிக்கிற களையை வெதைக்க முன்னாடி ஒழிச்சுக்கட்டு. உழாத மிஷின் அதுக்கு வணக்கம் வெச்சுட்டுப் போயிடும்.

உரத்துக்கு வருவோம். மணலியில மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் 'விஜய்' யூரியா மூட்டை தூக்குன முதுகு இது, மரியாதையா கேளு. டிஏபி ஏக்கருக்கு ஒரு மூட்டை, வெதையோட மிஷின் வழியா மண்ணுக்குள்ள எறங்கணும். பொட்டாஷ் அரை மூட்டை. யூரியா 45 கிலோ மூட்டை ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி. அதை மொத்தமா நெல்லுத் தாளு மேல வீசிட்டு ரயிலேறலாம்னு பாக்காத. தாளை மக்க வெக்கிற கிருமி ஒரு பங்கு துன்னுடும், இன்னொரு பங்கு அமோனியாவாக் காத்துல போவும். அமோனியா இன்னான்னு உனக்கு நான் சொல்லணுமா? 2023 டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பத்துல கடலுக்கடியில கீற குழாய் கசிஞ்சு ஜனம் மூக்கைப் பொத்திக்கினு ஓடுச்சே, அதே சரக்குதான். துட்டு குடுத்து வாங்கி ஆகாசத்துக்கு அனுப்புவாங்களா?

யூரியாவைப் பிரிச்சுப் போடு. கொஞ்சம் வெதைக்கும்போது. அடுத்தது இருவத்தோராம் நாள் வாக்குல, மொதத் தண்ணிக்கு முன்னாடி. அப்பதான் தண்ணி அதைத் தாளுக்குக் கீழ இஸ்துக்கினு போவும். மீதி அடுத்த தண்ணிக்கு. முப்பது, முப்பத்தஞ்சாம் நாள் மாமனுக்கு ரெண்டு மூணு எலை விட்டதும் களைமருந்து. போன வருசத்து மருந்தே வாணாம். டப்பா பேரு மாறுனா பத்தாது, அது கொல்ற விதமே வேறயா இருக்கணும். நடுவுல பத்துவா முளைச்சா மருந்தடிக்க முன்னாடியே பிடுங்கிக் கடைஞ்சு துன்னு. எங்க சக்கரவர்த்திக் கீரைதான் அது.

இப்ப விரலை மடக்கு. தண்ணி இருவத்தொண்ணு, மருந்து முப்பத்தஞ்சு, உன் லீவு பத்து. கலப்பை பாத்த வேலையில பாதியை இப்ப கண்ணு பாக்கணும் நைனா. நீ இங்க சாம்பல் லாரிக்குக் கொடி காட்டிக்கினு நிக்கிறப்ப அங்க யாரு கண்ணு? உன் பொண்டாட்டி. அவ மூட்டை தூக்கி, தண்ணி கட்டி, முதுகுல மருந்து டேங்க்கை மாட்டுவா. வெளைஞ்சதும் நீ 'என் கோதுமை'ன்னு இங்க மீசை முறுக்குவ.

டிக்கெட்டை மாத்து. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கறேன், ஊர்ல பாட்டிக்கு ரொம்ப முடியலைன்னு. போன வருசம் செத்துப்போச்சே, அதே பாட்டிதான். ரூம் வாடகை மட்டும் ரெண்டு மாசத்துக்குச் சேத்து வெச்சுட்டுப் போ.